குழுச் செயல்திட்டத்தில் மாணவர் தலைமை

குழுச் செயல்திட்டம் என்பது மாணவர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து ஒரு தலைப்பை ஆராய்ந்து, அறிக்கையாகவோ மாதிரியாகவோ செய்து ஒப்படைக்கும் கற்றல் முறையாகும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்கள் ஒதுக்கப்பட்டன. செயல்திட்டங்கள் அதன் பகுதியாயின. இத்தகைய குழுவின் தலைவருக்கு வரும் பெரிய சிக்கல் பெரும்பாலும் பாடத்தில் இருப்பதில்லை. உடன் படிப்பவர்கள் வேலைக்கு வராததில் இருக்கிறது. அவரிடம் ஆசிரியருக்குரிய அதிகாரம் கிடையாது. மறுநாளும் அதே பெஞ்சில் அவர்களோடுதான் உட்கார வேண்டும்.

ஒதுங்குவதன் காரணங்கள்

பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்சிமிலியன் ரிங்கல்மான், கயிறு இழுக்கும் சோதனைகளின் முடிவை 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரின் பங்கும் தனியே இழுத்ததில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. ஒரே நேரத்தில் சேர்ந்து இழுக்க இயலாமையும் இதற்கு ஒரு காரணம். 1979இல் அமெரிக்க உளவியலாளர் பிப் லதானேயும் உடன் ஆய்வாளர்களும் கைதட்டுதல், கூச்சலிடுதல் ஆகியவற்றைக் கொண்டு சோதித்து, குழுவில் இருக்கும்போது மனிதர்கள் முயற்சியையே குறைத்துக்கொள்கிறார்கள் என்று காட்டினர். இது சமூகச் சோம்பல் எனப்படுகிறது. ஒவ்வொருவரின் பங்கும் தனித்துத் தெரியும் என்று அறிந்தபோது இச்சோம்பல் மறைந்ததை அவர்களின் 1981ஆம் ஆண்டு ஆய்வு கண்டது.

ஆனால் வகுப்பறையில் ஒதுங்குபவர் எல்லாரும் சோம்பேறிகள் அல்லர். கையெழுத்தைக் கேலி செய்வார்களோ என்று அஞ்சுபவர் உண்டு. பள்ளி விட்டதும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஓட வேண்டியவர் உண்டு. சார்ட் அட்டைக்கும் ஸ்கெட்ச் பேனாவுக்கும் பங்குக் காசு தர இயலாமல், "எனக்கு இதிலெல்லாம் விருப்பம் இல்லை" என்று சொல்லிவிடுபவரும் உண்டு. இவர்களைத் தலைவர் எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டால், அந்த மாணவர் அடுத்த குழுவிலும் வாய் திறக்க மாட்டார். தனியே அழைத்து, என்ன தடை என்று கேட்பதே முதல் வேலை.

வேலையைப் பகிர்தல்

நன்றாகப் படிக்கும் தலைவர்கள் பலர், கெஞ்சிப் பார்த்துவிட்டு முழு வேலையையும் தாமே செய்து முடிக்கிறார்கள். அறிக்கை அழகாக இருக்கும்; ஆனால் மற்றவர்கள் எதையும் கற்றிருக்க மாட்டார்கள். தாம் ஏமாளியாகிறோம் என்று உணரும் திறமையாளரும் முயற்சியைக் குறைத்துக்கொள்வதை நார்பர்ட் கெர் 1983இல் வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார்.

எடுத்துக்காட்டாக, 'எங்கள் ஊர் ஏரி' என்பது தலைப்பு எனக் கொள்வோம். "எல்லாரும் சேர்ந்து செய்வோம்" என்றால் யாரும் செய்ய மாட்டார்கள். மதகு எப்போது திறக்கப்படும் என்று பெரியவர்களிடம் கேட்டு வருவது ஒருவர் வேலை, கரையின் நீளத்தை அளப்பது இன்னொருவர் வேலை, வரைபடம் மூன்றாமவருக்கு. தமக்கு எது வேண்டும் என்பதை அவர்களே தேர்ந்துகொள்வது நல்லது. வகுப்பில் பேசாத மாணவர் மாலைதோறும் மாடு மேய்க்க ஏரிக்குப் போகிறவராக இருக்கலாம். எந்தப் பக்கம் முதலில் வற்றும் என்பது புத்தகத்தில் இல்லை, அவருக்குத் தெரியும். அதை அவர் சொல்ல, மற்றொருவர் எழுதலாம். பக்கத்தில் சொன்னவர் பெயர் இருக்க வேண்டும். நேரம் இல்லாதவருக்கு உணவு இடைவேளையில் முடியும் வேலையைத் தரலாம். அட்டைக்குப் பதில் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கமே போதும்.

அதிகாரம் காட்டுவது கொஞ்ச நாளைக்குப் பலன் தரும். 1939இல் கர்ட் லெவினும் அவரோடு பணியாற்றியவர்களும் 10 வயதுச் சிறுவர் குழுக்களை ஆராய்ந்தபோது, கட்டளையிடும் தலைவர் அறையை விட்டு வெளியேறியதும் வேலை தளர்ந்தது. கலந்து பேசி முடிவெடுத்த குழுவில் அது பெரும்பாலும் தொடர்ந்தது.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் வராவிட்டால், முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் தெரிவிக்க வேண்டும். அப்போது வேலையை மாற்றிக் கொடுக்கவும் குழுவை மாற்றவும் அவருக்கு நேரம் இருக்கும். ஒப்படைக்கும் நாளில் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் ஓரிரு கேள்வி கேட்டுத் தனி மதிப்பெண்ணும் தருவது ஆசிரியர் செய்ய வேண்டியது. அந்தப் பொறுப்பை மாணவத் தலைவர் மேல் ஏற்றக் கூடாது.