ஆஜி, சாப்பாடு ஆச்சா?

மெட்டுகுடாவில் தமிழும் மராத்தியும் அண்டை வீட்டு மொழிகள். அவை ஒரே வீட்டு மொழிகளாகும்போது, பேரன் பேத்திகள் பாட்டியிடம் எதில் பேசுவது?

செகந்திராபாத் ரயில் நிலையத்திலிருந்து தார்நாகா செல்லும் வழியில் இருக்கிறது மெட்டுகுடா. மெட்ரோ ரயில் வந்தது 2017இல்தான். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அது ரயில்வேக்காரர்களின் பேட்டை. அங்கே தமிழரும் மராத்தியரும் அடுத்தடுத்துக் குடியிருக்க நேர்ந்ததில் ஒரு நிர்வாக முடிவுக்கும் பங்குண்டு. 1966 அக்டோபர் 2 அன்று தென் மத்திய ரயில்வே உருவானபோது, தென்னக ரயில்வேயிலிருந்து விஜயவாடா, ஹூப்ளி கோட்டங்களும், மத்திய ரயில்வேயிலிருந்து செகந்திராபாத், சோலாப்பூர் கோட்டங்களும் அதில் சேர்ந்தன. கோப்புகளோடு குடும்பங்களும் வந்தன. 1977இல் சோலாப்பூர் மத்திய ரயில்வேக்கே திரும்பிவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் திரும்பிவிடவில்லை.

மராத்தி அந்த ஊருக்குப் புதிதும் அல்ல. அவுரங்காபாத், நாந்தேட், பர்பணி உள்ளிட்ட மராத்வாடா மாவட்டங்கள் 1956 வரை ஹைதராபாத் மாநிலத்தில்தான் இருந்தன. ஹைதராபாத்காரர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்லும் 'நக்கோ' இருக்கிறதே, அது மராத்தியின் 'நகோ'. அதாவது 'வேண்டாம்'. ஆக, மெட்டுகுடாவில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு முதல் மராத்திச் சொல் ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. மூன்றாவது சப்பாத்தியை ஆஜி தட்டில் போட வரும்போது, "நகோ ஆஜி, போட் பர்லே" (வேண்டாம் பாட்டி, வயிறு நிறைந்துவிட்டது) என்றால் போதும். ஆஜி போடாமல் விடுவாரா என்பது வேறு விஷயம்.

இந்தி இருக்கும்போது எதற்கு இந்தச் சிரமம் என்று கேட்கலாம். அப்பா தமிழ், அம்மா மராத்தி என்ற வீடுகளில் பெரும்பாலும் நடப்பதும் அதுதான். பள்ளிக்கூட இந்தியில் பேரன் கேட்பான். கற்றுக்கொண்ட இந்தியில் பாட்டி பதில் சொல்வார். நலம் விசாரித்து முடிந்ததும் பேச்சும் முடிந்துவிடும். இரண்டு பேருமே இரவல் மொழியில் நிற்கிறார்கள். முதுமையில், பின்னால் கற்ற மொழியைத் தேடிப் பிடித்துப் பேசுவது இன்னும் அலுப்பு.

மரியாதை விஷயத்திலும் இந்தி காலை வாரும். இந்திப் பழக்கத்தில் பெரியவர்கள் எல்லோருக்கும் 'ஆப்' போடும் பிள்ளை, மராத்தியிலும் அப்படியே பேசத் தொடங்கினால் ஆஜிக்கு அந்நியமாகப் படலாம். பல மராத்தி வீடுகளில் தாத்தா 'ஆஜோபா'வுக்குத்தான் 'தும்ஹி' (நீங்கள்). பாட்டிக்கு 'தூ' (நீ). அம்மாவை 'நீ' என்றும் அப்பாவை 'நீங்கள்' என்றும் அழைக்கும் தமிழ் வீடுகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். "கஷீ ஆஹேஸ்?" (எப்படி இருக்கிறாய்?), "காய் கர்தேஸ்?" (என்ன செய்கிறாய்?), "ஔஷத் கேத்லஸ் கா?" (மருந்து சாப்பிட்டாயா?) எல்லாம் சொந்த ஆஜிக்கு. எதிர் வீட்டு ஆஜி என்றால் "கஷா ஆஹாத்?" என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

எந்த மரியாதை என்று குழம்பினால் ஒரு வழி இருக்கிறது. "ஜேவண் ஜாலே கா?" சாப்பாடு ஆச்சா? இதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. புது மருமகனும் புது மாமியாரும் தமிழில் பல காலமாகக் கையாளும் அதே தந்திரம்.

தமிழ்ப் பிள்ளை இடறக்கூடிய இடம் வேறு. 'வருகிறேன்' என்று ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். மராத்தியில் பையன் 'யேதோ' என்பான், பெண் 'யேதே' என்பாள். பாட்டியின் வாயைப் பார்த்தே பழகும் பேரன் 'யேதே' என்று சொல்லிவிட்டு வீடே சிரிப்பதைக் கேட்க நேரலாம். தாத்தாவையும் கொஞ்சம் பேச வைப்பது நல்லது.

மற்றபடி சாதகங்கள் அதிகம். 'நாங்கள்', 'நாம்' என்று தமிழ் பிரிப்பதை மராத்தியும் 'ஆம்ஹி', 'ஆபண்' என்று பிரிக்கிறது. இந்திக்கு இரண்டும் 'ஹம்'தான். இந்திக்காரர்கள் 'ல' ஆக்கிவிடும் 'ள' தமிழ் நாக்குக்குத் தண்ணீர் பட்ட பாடு. நம்மூர் 'கண்ணு' போல ஆஜி செல்லமாகக் கூப்பிடும் 'பாளா'விலும், உடம்பைப் பார்த்துக்கொள் என்னும் 'காள்ஜி கே'யிலும் அந்த 'ள' இருக்கிறது. 'அக்கா'வும் 'அண்ணா'வும் அங்கேயும் உண்டு. 'ஆயி' என்றால் மட்டும் அம்மா. பாட்டியை அப்படிக் கூப்பிட்டுவிடக் கூடாது.

தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்திக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. சிவாஜியின் தம்பி வெங்கோஜி தஞ்சையைப் பிடித்த 1670களிலிருந்து தமிழோடு கலந்து வளர்ந்தது அவர்கள் வீட்டு மராத்தி. புனே பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு அந்தப் பாட்டியைத் திருத்தப் போகாதீர்கள். மூன்றரை நூற்றாண்டாகப் புத்தகத்தின் உதவி இல்லாமலே வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு அது. புத்தகம் தேவைப்படுவது பேரனுக்குத்தான்.

விடைபெறும்போது 'ஜாதோ' (போகிறேன்) என்று சொல்வதில்லை. "ஜாஊன் யேதோ" என்பதுதான் வழக்கம். சொல்லுக்குச் சொல் 'போய் வருகிறேன்'.

இத்தனையும் பழகிக்கொண்டு பேசினால் வரும் அடுத்த சங்கடம், ஆஜி மகிழ்ந்துபோய் மடைதிறந்த வேகத்தில் பதில் சொல்வது. அதற்கும் இரண்டு வாக்கியங்கள்: "ஹளூ போல் ஆஜி" என்றால் மெதுவாகப் பேசு பாட்டி. "பரத் ஸாங்க்" என்றால் திரும்பச் சொல். பேச்சு ஓய்ந்தால் "கோஷ்ட் ஸாங்க் நா" என்று கேட்கலாம். கதை சொல்லேன் என்று அர்த்தம். அதன் பிறகு பேரன் பேசவேண்டிய அவசியம் அநேகமாக இருக்காது.