எரியாத மலையும் எரியும் தீவும்

இரத்தினபுரித் தோட்டத்து லயங்களிலிருந்து நோக்குவோர்க்குச் சிவனொளிபாதமலையின் கூம்புச் சிகரம் அவிந்துபோன எரிமலையோ என்ற சந்தேகத்தை எழுப்பக்கூடுமாயினும், அது அக்கினிக் குழம்பைக் கக்கி உயர்ந்ததன்று. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் உஷ்ணத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறையே அது. மாணிக்கக் குழிகளில் ‘இல்லம்’ எனப்படும் சரளைப் படிவத்தோடு அள்ளப்படும் நீலக்கல்லும் அவ்வுருமாற்றத்தின் பிரசாதந்தான்.

மெய்யான எரிமலையைக் காண விரும்புவோர், அந்தமானின் போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தூரத்தில், மூன்று கிலோமீட்டர் அகலமே உடைய பாரன் தீவுக்குச் செல்ல வேண்டும். கடலுக்கு மேல் அது ஏறக்குறைய 350 மீட்டர்தான். அதன் அடிவாரமோ கடலுக்குள் 2,000 மீட்டருக்கும் கீழே. இலங்கையைத் தாங்கும் அதே இந்தியப் புவித்தட்டு அந்தமானுக்கு மேற்கே பர்மாத் தட்டின் அடியில் சாய்ந்து அமிழ்கையில், அதன் பாறைகளோடு சென்ற நீர் பிரிந்து, மேலுள்ள சூடான பாறையின் உருகுநிலையைத் தாழ்த்திவிடுகிறது (பாறை உருக உஷ்ணம் ஏறியே ஆகவேண்டுமென்பதில்லை). அவ்வாறு உருகியது மேலெழுந்து கரும் பசால்ட் எரிமலைக்குழம்பாகப் பாய்கிறது. 1787இல் அத்தீவு புகைந்தெரிந்ததைக் கடலோடிகள் பதிவு செய்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கிப்போய், 1991இல் மீண்டும் சீறியது.

இலங்கை தட்டின் விளிம்பிலிருந்து வெகுதூரம் உள்ளே இருப்பதால் நமக்கு எரிமலைப் பயமில்லை; நம் மலைகளின் அபாயம் வேறு வகையானது. 2016 மே மாதம் கேகாலை அரநாயக்கவில் மலை சரிந்தது மழையால்.