விஸ் தீவின் ஆழத்தில் ஒரு விமானம்

குரோஷியாவின் விஸ் தீவை ஒட்டிய கடலில், 72 மீட்டர் ஆழத்தில், மணல்மேல் வயிறு பதிய உட்கார்ந்திருக்கிறது ஒரு பி-17 குண்டுவீச்சு விமானம். இறக்கை முனைக்கு முனை 31 மீட்டருக்கும் மேல். எஞ்சின்கள் அதனதன் இடத்தில்தான் இருக்கின்றன. 1944 நவம்பர் 6 அன்று, குண்டடிபட்டுத் திரும்பிய இந்த அமெரிக்க விமானத்துக்குத் தீவின் ஓடுதளத்தில் இறங்க வழியில்லை. கடல்மீதே இறக்கினார்கள். துணை விமானி எர்னஸ்ட் வியன்னோ அடிபட்டு ஏற்கெனவே இறந்திருந்தார். மற்றவர்கள் தப்பினார்கள், அவர் உடலை மட்டும் எடுக்க முடியவில்லை, விமானம் அவ்வளவு சீக்கிரம் மூழ்கிவிட்டது.

இவ்வளவு ஆழத்துக்குச் சாதாரண ஸ்கூபா முக்குளிப்பு போதாது. டெக்னிக்கல் டைவிங் என்னும் தனிப் பயிற்சி வேண்டும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 72 மீட்டரில் மேற்பரப்பைப் போல 8 மடங்குக்கும் அதிகம். அங்கே சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் அதிலுள்ள நைட்ரஜன் மது குடித்தவரைப் போலப் புத்தியை மழுங்கடிக்கும். உயிர் காக்கும் ஆக்சிஜனே வலிப்பை வரவழைக்கலாம். அதனால் இரண்டையும் குறைத்து, அந்த இடத்தில் ஹீலியம் சேர்க்கிறார்கள். இந்தக் கலவைதான் டிரைமிக்ஸ்.

கீழே போவதைவிட மேலே வருவதுதான் பெரிய வேலை. உடலில் கரைந்த வாயு, திறந்த கோலி சோடாவில் பொங்குவதுபோல ரத்தத்தில் குமிழாகிவிடக் கூடாது. விமானத்தருகே 20 நிமிடம் இருந்தால், ஏறிவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் நின்று நின்று, வாயு மாற்றி மாற்றி வர வேண்டும். 6 மீட்டரை எட்டிய பிறகுதான் தூய ஆக்சிஜன். அந்த சிலிண்டரின் பக்கத்தில் ‘6’ என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். வாயில் வைக்கும் முன் கூட வந்தவரிடம் அந்த எண்ணைக் காட்டி, அவர் தலையசைத்த பிறகே மூச்சிழுப்பது வழக்கம். ஆழத்தில் தவறான சிலிண்டரிலிருந்து மூச்சிழுத்தால் வலிப்பு வரலாம். நீருக்குள் வலிப்பு வந்தால் பிழைப்பது அரிது.

மூழ்கிய கப்பலின் இரும்புத் தகடு தடிமனானது. விமானத்தின் அலுமினியத் தோலோ மெல்லியது. உப்புநீர் அதை 80 ஆண்டுகளாக அரித்துவருகிறது. கை ஊன்றினால் நெளியும், பிடித்து இழுத்தால் கிழியும். துடுப்புக் காலை ஒருமுறை தாழ உதைத்தால் போதும், வண்டல் கிளம்பி விமானியறையை மறைத்துவிடும். ஆகவே நல்ல முக்குளிப்பாளர்கள் உடலைக் கிடைமட்டமாக வைத்து, முழங்காலை மடித்து, தவளையைப் போல் மெல்ல உதைத்து, எதையும் தொடாமல் விமானத்தைச் சுற்றிவருகிறார்கள். ஒரு திருகாணியைக்கூட நினைவுப்பொருளாக எடுக்கக் கூடாது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. வியன்னோ கடைசியாகப் பறந்த விமானம் அது.