பிடி கெட்டால் கத்தியே போச்சு

பழைய மடக்குக் கத்தி சேர்ப்பவர்கள் பிடியை மாத்தவே கூடாதும்பாங்க. எலும்பு, கொம்புப் பிடிக்கு அது சரி. செல்லுலாய்டு பிடிக்குப் பொருந்தாது, அதுவும் காசிமேடு மாதிரி கடல்காற்று அடிக்கிற ஊரில்.

ஆமை ஓடு, தந்தம் மாதிரி மினுங்கும் பழைய பிடிகள் பல செல்லுலாய்டுதான். நைட்ரோ செல்லுலோஸும் கற்பூரமும் கலந்த இந்தப் பொருளுக்கு 1870-ல் அமெரிக்காவின் ஜான் வெஸ்லி ஹயாட் காப்புரிமை வாங்கினார். பழைய சினிமா பிலிம் சுருளும் இதே இனம்தான். வயசாக ஆக இது தானாகவே சிதைஞ்சு நைட்ரஜன் ஆக்சைடு வாயுவை விடும். ஈரத்தோடு சேர்ந்தால் அது நைட்ரிக் அமிலம். சூடும் ஈரமும் கூடினால் வேகம் கூடும். நம்ம ஊரில் ரெண்டுக்கும் பஞ்சமில்லை.

அடையாளம் எளிது. பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு, பிடியில் நுண்விரிசல், மூக்கில் ஏறும் புளித்த நெடி. மடக்கி வைத்தால் பிடிக்குள் இருக்கும் அலகில் மட்டும் துரு. ஒரே டப்பாவில் பக்கத்தில் கிடக்கும் நல்ல கத்தியையும் இந்த வாயு அரிக்கும். அதனால் முதல் வேலை, அதைத் தனியே எடுத்துக் காற்றோட்டமாக வைப்பது. காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைப்பதுதான் ரொம்ப மோசம்.

கழற்றும் முன் போட்டோ எடுங்க, பிடியின் வடிவத்தைக் காகிதத்தில் வரைஞ்சுக்கோங்க. ரிவெட் தலையை அரத்தால் மெதுவா ராவி, ஊசிமுனை உளியால் தட்டி எடுக்கலாம். டிரில் மெஷினை வேகமா ஓட்டாதீங்க, செல்லுலாய்டு சட்டுனு தீப்பிடிக்கும். அலகு சுழலும் ஆணியை முடிந்தவரை தொட வேண்டாம். தகட்டைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவினால் மிச்ச அமிலம் முறியும். ஈரம் போகத் துடைச்சு எண்ணெய் பூசணும்.

புதுப் பிடிக்கு எருமைக் கொம்பு என் தேர்வு. கருங்காலியும் நல்லாயிருக்கும். தந்தம், கடலாமை ஓடு பக்கமே போகாதீங்க, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. தகட்டையே அச்சாக வைத்துத் துளை போட்டு, பித்தளைக் கம்பியைச் செருகி, சின்னச் சுத்தியலால் பூ மாதிரி தட்டணும். ஓங்கி அடிச்சா கொம்பு பிளந்துடும்.

விற்கும்போது பிடி மாத்தினதைச் சொல்லியே விற்கணும். விலை குறையும், குறையட்டும். அலகு மிஞ்சுதே.