தனிப் பள்ளிக்கூடம் போனது எப்படி?

குரூப் தேர்வுக்குப் படிக்கிற தம்பி ஒருவர் ராயப்பன்பட்டி டீக்கடையில் கேட்டார்: "அண்ணே, அமெரிக்காவுல கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் கூடாதுன்னு 1954-ல தீர்ப்பு வந்துச்சே, நம்ம நாட்டுல அதுமாதிரி எந்தத் தீர்ப்புண்ணே?"

அப்படி ஒரு தீர்ப்பு நம்மிடம் இல்லை தம்பி. ஏன் இல்லை என்று பார்த்தால் பாதி வரலாறு விளங்கிவிடும். டீயைக் குடிங்க, சொல்கிறேன்.

அமெரிக்கத் தென் மாநிலங்களில் பிள்ளைகளைப் பிரித்து வைத்ததே சட்டம்தான். தனியாக வைத்தாலும் வசதி சமமாக இருந்தால் போதும் என்று 1896-ல் பிளெஸ்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அது ரயில் பெட்டி வழக்கு; பள்ளிக்கும் அதையே நீட்டினார்கள். 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதைத் தள்ளினார்கள். அப்படியும் 1957-ல் லிட்டில் ராக் ஊரில் ஒன்பது பிள்ளைகள் பள்ளிக்குள் நுழையப் பட்டாளம் வர வேண்டியிருந்தது.

இங்கே நடந்தது வேறு. அரசாங்கம் 'எல்லோருக்கும் பள்ளி' என்றுதான் எழுதி வந்தது, ஊர்தான் விடவில்லை. 1856-ல் தார்வாரில் ஒரு மகர் சாதிச் சிறுவன் அரசுப் பள்ளியில் சேரக் கேட்டான். உன் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆனால் உன்னைச் சேர்த்தால் மற்றவர்கள் போய்விடுவார்கள் என்று பம்பாய் அரசு கையை விரித்தது. அரசுப் பள்ளி எல்லோருக்கும் பொது என்று லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் பிறகு எழுதினார்கள். 1882-ல் ஹண்டர் கமிஷனும் அதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட கையோடு, எதிர்ப்புள்ள இடத்தில் தனிப் பள்ளி வைக்கலாம் என்று ஒரு சந்து வழியையும் காட்டிவிட்டது. என் பார்வையில் அந்தச் சந்துதான் பின்னால் பெரிய வழியாகிப் போனது.

சென்னை மாகாணம் 1893-ல் ஓர் ஆணை போட்டது. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கைக்குப் பின் வந்தது அது. 'பஞ்சமர்' எனப்பட்ட ஒடுக்கப்பட்டோரின் பள்ளிகளுக்குத் தனிச் சலுகை, தனி உதவித்தொகை. நல்லெண்ணம்தான், சந்தேகமில்லை. அந்தப் பள்ளிகள் இல்லாவிட்டால் எத்தனையோ குடும்பங்களில் முதல் எழுத்தே நுழைந்திருக்காது. ஆனால் பொதுப் பள்ளியின் கதவைத் தட்ட வேண்டிய அவசியத்தையும் அவை குறைத்துவிட்டன. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்டோர் தலைவர் அய்யன்காளி அந்தக் கதவைத்தான் தட்டினார். பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்குக் கூட்டிப் போனார். எதிர்த்தவர்கள் பள்ளிக்கே தீ வைத்தார்கள். அவரிடமும் அரசின் சேர்க்கை உத்தரவு இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். கம்பம், உத்தமபாளையம் பக்கம் 'அரசு கள்ளர்' என்று தொடங்கும் பள்ளிப் பலகையைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அதன் பிறப்பு வேறு. பிறமலைக் கள்ளர்களைக் குற்றப் பரம்பரைச் சட்டம் ரேகை வைக்கச் சொன்னது. மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். அதையொட்டிய ஆண்டுகளில்தான் 'சீரமைப்பு' என்ற பெயரில் பள்ளிகள் வந்தன. கண்காணிக்க வந்த பள்ளியை மக்கள் தங்கள் பள்ளியாக்கிக்கொண்டார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அவை கிட்டத்தட்ட 300.

அரசியலமைப்பு 1950-ல் நேராகவே சொல்லிவிட்டது: அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் சாதி, மதம், இனம், மொழி காரணமாக மட்டும் யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது. பிரிவு 29(2), தேர்வில் கேட்பார்கள், குறித்துக்கொள்ளுங்கள். 1955-ன் தீண்டாமைச் சட்டம், தீண்டாமை காரணமாகச் சேர்க்க மறுத்தால் தண்டனை என்றது. சேர்க்கை விஷயத்தில் சட்டம் அங்கேயே முடிந்துவிட்டது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் கள்ளர் பள்ளிகளும் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்தவைதான். ஆனால் யார் சேருகிறார்கள் என்பதைப் பலகையும், பள்ளி இருக்கும் தெருவும் தீர்மானிக்கின்றன.

2023-ல் நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே உடன் படித்தவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு குழு அமைந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம், எல்லாப் பள்ளிகளும் ஒரே நிர்வாகத்தில் இருக்கட்டும், மாணவர் கையில் சாதிக் கயிறு கூடாது என்று 2024 ஜூனில் அறிக்கை தந்தது. இப்படி நிர்வாகத்தை இணைக்கும் பேச்சு 2023 பட்ஜெட்டிலேயே வந்ததுதான். அதற்கு உசிலம்பட்டிப் பக்கம் கடும் எதிர்ப்பு. 'எங்கள் பள்ளி, எங்கள் விடுதி, எங்கள் பிள்ளைகளுக்கான இடம் என்ன ஆகும்?' என்ற பயத்தைச் சாதி வெறி என்று ஒதுக்கிவிட முடியாது. ஒடுக்கப்பட்ட காலத்தில் கிடைத்த ஒரே சொத்து அது.

பெயர் போக வேண்டும், நிர்வாகம் ஒன்றாக வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் விடுதியும் உதவித்தொகையும் ஆசிரியர் பணியிடமும் குறையாது என்று இணைக்கிற அரசாணையிலேயே எழுதித் தர வேண்டும். அது எழுதப்படாதவரை மக்கள் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் வேண்டாம்.