'இடிக்கப் போறாங்களா, சார்?'

பழைய கட்டடம் எதையாவது படம் எடுக்கக் கேமராவைத் தூக்கினால் போதும், பக்கத்து டீக்கடையிலிருந்து ஒருத்தர் எழுந்து வருவார். கையில் பாதி டீ மிச்சமிருக்கும். ''என்ன சார், இடிக்கப் போறாங்களா?''

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இப்படித் திரிகிறவன் நான். இந்தக் கேள்வி வராத ஞாயிறு அபூர்வம். நான் கார்ப்பரேஷன் ஆளா, மெட்ரோ ரயில் ஆளா, பில்டர் அனுப்பிய ஆளா என்பதில்தான் அவர்களுக்குச் சந்தேகமே தவிர, இடிக்கப் போவதில் சந்தேகமே கிடையாது. ''சும்மா, பார்க்க நல்லாருக்கு, எடுக்கறேன்'' என்று சொல்லிப் பாருங்கள்... ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்!

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தைப் புரட்டுங்கள். மெரினாவில் அப்பா, அம்மா, பஞ்சு மிட்டாயோடு நீங்கள். கோல்டன் பீச் சிலை மனிதரைச் சிரிக்க வைக்கப் பார்க்கும் சித்தப்பா. எல்லாம் இருக்கும். அதே அப்பா பழைய புத்தகம் தேடி மணிக்கணக்கில் நின்ற மூர் மார்க்கெட் இருக்கிறதா? இருக்காது. தினம் பார்க்கிற இடத்துக்கு யார் ஃபிலிம் செலவழிப்பார்கள்? 1985 மே மாதம் அது எரிந்துபோனது. சென்ட்ரல் பக்கத்தில் இன்றைக்குப் புறநகர் ரயில் ஏறுகிறோமே, அங்கேதான் இருந்தது.

அதனால் எனக்கு ஒரு கொள்கை. சென்ட்ரல் ஸ்டேஷன், ரிப்பன் பில்டிங், ஐகோர்ட்டு... இந்தப் பிரமுகர்களை எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எடுப்பதெல்லாம் அவர்கள் காலடியில் நிற்கும் குட்டிகளை.

உதாரணம், பாரிமுனை. வாரநாளில் அங்கே கேமராவைத் தூக்கினால் லென்ஸுக்குள் பஸ்ஸின் பின்பக்கம் மட்டும்தான் தெரியும். ஞாயிறு காலை ஆறரைக்குப் போங்கள். டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக, கூம்பிப் போகும் கல்தூண் ஒன்று நிற்கும். 1773-ல் நட்டது. பிரெஞ்சுக்காரர்கள் 1746-ல் கோட்டையையே பிடித்தார்கள். 1758-ல் மறுபடி வந்து முற்றுகை போட்டார்கள். சூடு பட்ட பூனையான இங்கிலீஷ்காரன், கோட்டைக்கு முன்னால் வீடுகளை அப்புறப்படுத்தி வெட்டவெளி ஆக்கினான். எதிரி வந்தால் மறைவிடம் இருக்கக் கூடாது, பீரங்கிக்குப் பார்வை மறைக்கக் கூடாது! 'இதுக்கு மேலே ஒரு குடிசைகூடப் போடாதே' என்று எல்லை காட்ட ஆறு தூண்கள். ஐந்து போய்விட்டன. மிச்சம் இந்த ஒன்றுதான்.

நான் ரோட்டில் மண்டியிட்டு, தூணும் பின்னாலிருக்கும் கட்டடமும் ஒரே ஃப்ரேமில் வருகிற மாதிரி எடுத்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆட்டோக்காரர் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். ''இத்தினி வருஷமா இங்கதான் வண்டி போடறேன்... மைல்கல்லுன்னுல்ல நெனைச்சேன்!'' என்றவர், அடுத்த நிமிஷம் தன் ஆட்டோவை ஓரங்கட்டி, ''இப்ப எடு சார், க்ளீனா வரும்'' என்றார்.

அங்கிருந்து நடந்தால் ஐகோர்ட்டின் கிழக்கு மதில். அதில் ஒரு கல்வெட்டு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் 'எம்டன்' துறைமுகத்துக்கு எதிரே வந்து குண்டு போட்டதே, அதன் ஞாபகம். எண்ணெய் டாங்க்குகள் பற்றி எரிய, ஊரே மூட்டை கட்டியது. கப்பல் அதே நவம்பரில் ஒழிந்தது. பெயர் மட்டும் நம்மிடமே தங்கிவிட்டது. ''எங்க மேனேஜர் சரியான எம்டன்'' என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! (ஐகோர்ட்டு பக்கம் செக்யூரிட்டி கெடுபிடி ஜாஸ்தி. கேட்டுவிட்டு எடுங்கள். உங்களுக்காக ஜாமீன் கேட்டு நான் வர முடியாது.)

மவுண்ட் ரோடு தபாலாபீஸ் வளாகம் தெரியுமல்லவா? பதிவுத்தபால் க்யூவில் கால் கடுக்க நின்றிருப்பீர்கள். அங்கே தபால்தலை விற்கும் அந்தப் பழைய கட்டடம்தான் 'எலெக்ட்ரிக் தியேட்டர்'. 1913-ல் வார்விக் மேஜர் என்பவர் ஆரம்பித்தது. ஊமைப்படக் கொட்டகை! அதன் முகப்பை எடுக்கும்போதெல்லாம் எனக்கு விசில் அடிக்கத் தோன்றும்.

அதே சாலையில் பாரத் இன்ஷூரன்ஸ் பில்டிங். 1897-ல் மருந்துக் கம்பெனி ஒன்று கட்டியது. கோபுரமும் வளைவுமாக, ராஜா வீட்டுக் கல்யாணப் பந்தல் மாதிரி இருந்த கட்டடம். 2006-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கிற 'இன்டாக்' அமைப்பு கோர்ட்டுக்குப் போனது. 2010-ல் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பு. சரி, தப்பித்தது. ஆனால் அதற்குள் உடைத்த பாகத்தை நாளைக்கு ஒரு மேஸ்திரி மறுபடி எழுப்ப வேண்டுமென்றால்? வளைவு எத்தனை, ஜன்னலில் என்ன வேலைப்பாடு என்று எதைப் பார்த்துச் செய்வார்? எவனோ ஒருத்தன் பக்கவாட்டிலிருந்து எடுத்த, அழகே இல்லாத ஒரு ஃபோட்டோதான் அன்றைக்கு வைரம். அதனால்தான் அழகாக ஒன்று எடுத்தால், அசிங்கமாக நான்கு எடுப்பேன். பின்சுவர், மாடிப்படி, கதவுக் கீல், பக்கத்துக் கடை போர்டு. போர்டு ரொம்ப முக்கியம் சார்! கட்டடத்துக்கு முன்னால் மாறுவது அதுதான்.

இதற்குப் பெரிய கேமரா எதுவும் வேண்டாம், உங்கள் செல்போன் தாராளம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் சென்னை வெயில் எல்லாச் சுவரையும் ஒரே மாதிரி வெளுத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் இடம், தேதி, தெருப்பெயர் மூன்றையும் குறித்துவையுங்கள். பெயரில்லாத படம், விலாசமில்லாத கடுதாசி.

அப்புறம், மனிதர்கள். மண்ணடியில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் கடை. மரக்கதவை எடுத்தபோது உள்ளிருந்த பெரியவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். இல்லை என்றேன். ''இல்ல தம்பி, நெசமாவே இடிக்கத்தான் போறாங்க. ஓனர் வித்துட்டார். தைக்குள்ள காலி பண்ணணும்'' என்றார் சாதாரணமாக. பிறகு சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு கதவுப் பக்கத்தில் வந்து நின்றார். ''எங்கப்பா பேரு போர்டுல தெரியற மாதிரி எடுங்க.'' பிரின்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காசு வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரே ரகளை. கடைசியில் என் பெயரில் ஒரு ஸ்டாம்ப் செய்து கையில் திணித்துவிட்டார். எதில் குத்துவதென்று தெரியாமல் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.

இந்த ஞாயிறு மாடிப் பூங்கா போவதாக இருக்கிறேன். முன்பு வடசென்னையைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். செலவுக்கு ஜனங்களிடம் வரி வசூலிக்க நினைத்தார்கள். வசூலாகவில்லை, 'வால்டாக்ஸ் ரோடு' என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. அந்த மதிலின் மிச்சத் துண்டு ஒன்று பழைய ஜெயில் ரோட்டில் இருக்கிறது. அதன் மேல்தான் பூங்கா. சுவரைப் பார்க்கிற மாதிரி நல்ல இடம் எதிர்ப்பக்கம் மொட்டைமாடிதானாம். வீட்டுக்காரரிடம் பேசி வைக்க வேண்டும்.