காந்தமும் எவர்சில்வர் பாத்திரமும்

“காந்தம் ஒட்டினால் அது நல்ல எவர்சில்வர் அல்ல” என்னும் நம்பிக்கை நம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. விடுதிக்குப் பாத்திரம் வாங்கப் புறப்படும் நண்பர்கள் சிலர் ஒரு காந்தத் துண்டையும் சட்டைப் பையில் எடுத்துச் செல்வதைக் கண்டிருக்கிறேன். இச்சோதனை எவ்வளவு தூரம் சரி? இதற்கு விடை காண, காந்தம் பொருள்களை எவ்வாறு இழுக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

என் அறையில் அகப்பட்ட பொருள்களைக் காந்தத்தின் அருகே வைத்துப் பார்த்தேன். குண்டூசியும் ஆணியும் ஒட்டிக்கொண்டன. பித்தளை டம்ளரும், செப்புக் கம்பியும், அலுமினியத் தட்டும் அசையவில்லை. எவர்சில்வரில் அடித்த ஒரு ரூபாய் நாணயம் ஒட்டியது. என் எவர்சில்வர் தட்டோ ஒட்டவில்லை!

இரும்பின் ஒவ்வோர் அணுவும் ஒரு நுண்ணிய காந்தம். அண்டை அணுக்கள் ஒரே திசையில் அணிவகுத்துச் சிறுசிறு பகுதிகளாகத் திரண்டிருக்கின்றன. இவற்றை டொமைன்கள் என்பர். 1907இல் இக்கருத்தை வெளியிட்டவர் பியர் வைஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர். சாதாரண ஆணியில் இப்பகுதிகள் ஆளுக்கொரு திசையை நோக்கியிருப்பதால், ஒன்றின் ஆற்றலை மற்றொன்று அழித்துவிடுகிறது. காந்தம் நெருங்கியதும், அதற்கு இசைந்த பகுதிகள் விரிந்து மற்றவை சுருங்குகின்றன. ஆணியே தற்காலிகக் காந்தமாகிவிடுகிறது! காந்தத்தின் வடமுனைக்கு எதிரே ஆணியில் தென்முனை தோன்றும். மறு கோடியில் வடமுனை அமையும். அருகிலுள்ள முனையின் கவர்ச்சி, தொலைவிலுள்ள முனையின் விலக்கத்தை வென்றுவிடுகிறது. செம்பு, அலுமினியம் முதலியவற்றின் அணுக்கள் இவ்வாறு அணிவகுப்பதில்லை.

இனி எவர்சில்வருக்கு வருவோம். இரும்போடு குரோமியம் சேர்ப்பதால்தான் அது எளிதில் துருப்பிடிப்பதில்லை. குரோமியம் மட்டும் சேர்ந்த 430 என்னும் வகை காந்தத்தில் ஒட்டும். 304 என்னும் வகையில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியத்தோடு 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. நிக்கல் சேர்ந்ததும் இரும்பணுக்களின் அடுக்குமுறையே மாறிவிடுகிறது. புதிய அடுக்கில் அவை அணிவகுப்பதில்லை. ஆகவே காந்தம் ஒட்டாது. ஆனால், நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவான வகைகளும் அவ்வாறே ஒட்டுவதில்லை! மேலும், 304 தகட்டை அழுத்தி வளைத்த விளிம்பில் பழைய அடுக்குமுறை ஓரளவு திரும்புவதால், அங்கே காந்தம் சற்றே பற்றுவதும் உண்டு.

ஆகவே, ஒட்டுவது போலியுமன்று. ஒட்டாதது உயர்ந்தது என்பதும் உறுதியன்று. தரம் அறிய விரும்புவோர் பாத்திரத்தில் பொறித்த வகை எண்ணைப் பார்க்கட்டும். இல்லையேல் கடைக்காரரைக் கேட்டுப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கட்டும். காந்தத் துண்டையும் எறிந்துவிட வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்புக்குப் பாத்திரம் வாங்கும்போது அது கைகொடுக்கும். அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டாத பாத்திரத்தை அவ்வடுப்பில் வைத்தால், சோறு வேகாது, பசிதான் மிஞ்சும்.